விரதம் என்று நினைத்தோம்

குழாயடியில் எனக்கு முன்னால் ஏழெட்டுப் பெண்கள் வாளியோடு நின்றுகொண்டிருந்தார்கள். அப்போதுதான் என் கொழுந்தன் தங்கவேலு முகம் கழுவ வந்தான். சண்டை போட்டு இடம் பிடித்திருந்த வரிசை, சத்தமில்லாமல் விலகி அவனுக்கு வழி விட்டது.

அடுத்த வீட்டுச் செல்லம்மாக்கா, பாதி நிறைந்த தன் வாளியைக் குழாயிலிருந்து இழுத்துக் கீழே வைத்தார். "சாமி, நீங்க மொதல்ல கழுவிக்குங்க" என்று கைகூப்பினார். இடுப்பிலிருந்த மகளை இறக்கிவிட்டு, "சாமி காலத் தொட்டுக் கும்புடுடி" என்றார். அந்தக் குழந்தையும் குனிந்து தொட்டது.

தங்கவேலுவுக்கு அப்போது இருபது வயதிருக்கும். தாடி வளர்ந்திருந்தது. குழாயின் கீழே இரண்டு கைகளையும் நீட்டியபடி நின்றான். தண்ணீர் விழுந்துகொண்டே இருந்தது. ஒரு சொட்டுகூட முகத்துக்குப் போகவில்லை. எதற்காக வந்தோம் என்பதே மறந்துபோனதுபோல் அப்படியே திரும்பி நடந்தான்.

"பாத்தியா மரகதம், உங்க வீட்டுச் சாமி இந்த ஒலகத்துலயே இல்ல" என்றார் செல்லம்மாக்கா. மனம் நிறைந்து சொன்னார். நான் திறந்தே கிடந்த குழாயை மூடினேன்.

போன வாரம் என் கல்யாணச் சேலையைப் பற்றி எழுதியதற்குக் கடிதங்கள் வந்திருக்கின்றன. கிள்ளானில் எந்தக் கடையில் எடுத்தது என்று ஒருவர் கேட்கிறார். அந்தக் கடையே இப்போது இல்லை, அம்மா. விட்டுவிடுங்கள்.

இந்த வாரம் சேலை இல்லை. எழுதலாமா வேண்டாமா என்று பல நாள் தள்ளிப்போட்ட விஷயம் இது. அண்மையில் எங்கள் தெருவில் ஒரு வாலிபப் பிள்ளை தன் உயிரைத் தானே முடித்துக்கொண்டது. துக்கத்துக்கு வந்தவர்கள் எல்லாரும், "நல்லாத்தானே இருந்தான்" என்றார்கள். அந்த வார்த்தையைக் கேட்டதும் எனக்கு வந்த ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை. என் கோபம் மூக்கு நுனியில் இருப்பது என்பது இந்தத் தொடரைப் படிக்கிறவர்களுக்குத் தெரிந்ததுதான். அதனால் எழுதியே விடுகிறேன்.

ரயில் வீடுகள்

நான் கிள்ளான் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் பிறந்தவள். கல்யாணமாகி பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குடியிருப்புக்கு வந்தபோது எனக்கு வயது பதினெட்டோ பத்தொன்பதோ. வரிசை வரிசையாக வீடுகள். ஒரு வீட்டில் இருமினால் மூன்றாவது வீட்டில் கேட்கும். வெள்ளைத் துணியைக் காயப்போட்டால், எடுக்கும்போது கரித்தூள் படிந்திருக்கும். முதல் வாரம் அதைப் பார்த்து அழுதேன். பிறகு வெள்ளை வாங்குவதையே நிறுத்திவிட்டேன்.

வீட்டில் நாங்கள் நான்கு பேர். மாமியார் நான் வருவதற்கு முன்பே காலமாகிவிட்டார். மாமா, அதாவது என் மாமனார், ரயில் பாதையில் தண்டவாளம் மாற்றிவிடும் பாயிண்ட்ஸ்மேன். ஒரு நாளைக்கு அவர் பேசுவதை விரல் விட்டு எண்ணிவிடலாம். என் வீட்டுக்காரர் சரக்கு ரயிலில் கரி தள்ளுகிறவர். கெமாஸ் பக்கம் போனால் எப்போது திரும்புவார் என்று அவருக்கே தெரியாது. மூன்றாவது ஆள் தங்கவேலு.

என் கல்யாணத்துக்கு மறுநாள், கிள்ளான் ஸ்டேஷனில் என் தகரப் பெட்டியைத் தலையில் தூக்கிக்கொண்டு, "அண்ணி, உள்ள என்னா, தோட்டத்து அம்மிக்கல்லா?" என்று கேட்டவன் அவன்தான். பயத்தில் வாயடைத்துப் போயிருந்த நான் அப்போதுதான் சிரித்தேன். மவுத் ஆர்கன் வாசிப்பான். பந்தாட்டம் என்றால் சோறு தண்ணீர் வேண்டாம். இங்கிலீஷ் பள்ளிக்கூடத்தில் படித்து, ஒரு வெள்ளைக்காரர் வர்த்தகக் கம்பெனியில் கணக்கெழுதும் சின்னக் கிராணியாகச் சேர்ந்திருந்தான்.

ரப்பர் விலை விழுந்து ஊரெல்லாம் வேலை போன கெட்ட காலம் அது. அவன் வேலையும் போயிற்று. அவனுடைய உயிர்த் தோழன் ஒருவனைக் குடும்பத்தோடு கப்பலேற்றி இந்தியாவுக்கே அனுப்பிவிட்டார்கள். இதனால்தான் அவனுக்கு அப்படி ஆயிற்று என்று நான் சொல்ல மாட்டேன். வேலை போன பையன்கள் தெருவுக்குப் பத்துப் பேர் இருந்தார்கள். ஒரு கோப்பியை நாலு பேராகக் குடித்துக்கொண்டு சிரித்தபடிதான் திரிந்தார்கள். இவனுக்குள் என்ன நடந்தது என்று இவனுக்கே சொல்லத் தெரியவில்லை.

யாரும் எடுக்காத விரதம்

மார்கழிக் கடைசியில் அவன் சாப்பாட்டைக் குறைத்தான். முதலில் என் சமையலில்தான் குற்றம் என்று நினைத்தேன். புதுப்பெண் வேறு என்ன நினைப்பாள்? புளியைக் கூட்டினேன், குறைத்தேன். "தம்பி, பசியாற வாங்க" என்று கூப்பிட்டால் வந்து உட்காருவான். இரண்டு வாய் சாப்பிட்டு எழுந்துவிடுவான். பிறகு அதுவும் இல்லை. ஒரு டம்ளர் பால், ஒரு பழம். கட்டிலை விட்டு வெறும் சிமெண்டுத் தரையில் படுத்தான். சவரம் செய்யவில்லை. பேச்சும் நின்றது.

ஒரு நாள் செல்லம்மாக்கா வாசலில் நின்று அவனைப் பார்த்தார். "ஏன் தம்பி, பூசத்துக்கு வெரதமா?" என்றார். அவன் பதில் சொல்லவில்லை. வேறு மாதமாக இருந்தால், "என்னடா திமிரு" என்றிருப்பார். ஆனால் பத்துமலைத் தைப்பூசம் நெருங்கிக்கொண்டிருந்த நேரம் அது. அந்த வரிசையில் காவடி எடுக்கிற ஆண்கள் நாலைந்து பேர் ஏற்கெனவே ஒருவேளைச் சாப்பாடு, தரைப் படுக்கை, தாடி என்றுதான் இருந்தார்கள். "மௌன வெரதம்!" என்று அக்கா கன்னத்தில் போட்டுக்கொண்டார். அன்று மாலைக்குள் வரிசை முழுவதும் தெரிந்துவிட்டது.

யாரும் யாரையும் ஏமாற்றவில்லை. அவன் விரதம் என்று சொல்லவும் இல்லை, இல்லை என்று மறுக்கவும் இல்லை. மறுப்பதற்குக்கூட வாயில் தெம்பு வேண்டுமே.

மாமாவின் சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. இங்கிலீஷ் படித்த மகன், காவடியைப் பார்த்துக் கேலி செய்தவன், இப்போது தானாகவே விரதம் இருக்கிறான். அவரும் மகனுக்குத் துணையாக ஒருவேளை விரதம் எடுத்தார். ரயில்வே பட்டறையில் தெரிந்த தச்சரிடம் சொல்லி, புதுக் காவடிக்கு மரம் வளைக்கச் செய்தார். மயில் இறகுக்கு ஆள் அனுப்பினார். வீட்டில் மீன் சட்டி பரண் ஏறியது. அக்கம்பக்கத்திலிருந்து பாலும் வாழைப்பழமும் வந்து குவிந்தன.

தங்கவேலு தன் பந்தாட்டச் சப்பாத்தை எதிர்வீட்டுப் பையனுக்குக் கொடுத்துவிட்டான். பற்றை அறுக்கிறான் என்றார்கள். நல்ல சட்டைகளைக் கொடுத்தான். ஒரு வெள்ளிக்கிழமை, வேலை முடிந்து வந்த மாமாவின் காலில் விழுந்து, "நான் ஏதாச்சும் தப்புப் பண்ணியிருந்தா மன்னிச்சிருங்கப்பா" என்றான். காவடி எடுக்கிறவர்கள் பெரியவர்களிடம் இப்படி மன்னிப்புக் கேட்பது வழக்கம். மாமா அவனைத் தூக்கி நிறுத்தித் திருநீறு பூசினார். சந்தோஷத்தில் அவர் கண் கலங்கியதை அன்றுதான் பார்த்தேன்.

நினைத்துப் பாருங்கள். சாவை நோக்கிப் போகிற பிள்ளை என்னென்ன செய்யுமோ, அத்தனையும் எங்கள் கண்ணுக்குப் பக்தியாகத் தெரிந்தது. சாப்பாட்டை விட்டான், கும்பிட்டோம். பேச்சை விட்டான், கும்பிட்டோம். விரதக்காரனைத் தொடக்கூடாது, அவனிடம் வீண்பேச்சுப் பேசக்கூடாது என்று எல்லாரும் விலகி வேறு நின்றோம்.

பச்சையம்மாள்

இங்கே கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

தோட்டத்தில் எங்கள் லயத்து வரிசையின் கடைசி வீட்டில் பச்சையம்மாள் என்று ஒருத்தி இருந்தாள். என்னைவிட நாலைந்து வயது பெரியவள். ரப்பர்ப் பால்வாளியைத் தூக்கிக்கொண்டு ஓட்டப்பந்தயம் வைப்பாள். அவளும் ஒரு சமயம் இப்படித்தான் சாப்பாட்டை விட்டாள். பேச்சை விட்டாள். விடியற்காலைப் பெரட்டில் வேலைக்கு ஆள் கூப்பிடும்போது எழுந்து வராமல் படுத்துக் கிடந்தாள். கங்காணி திட்டினார். காற்றுக் கருப்பு அடித்துவிட்டது என்று முடிவு செய்து, உடுக்கை அடித்து, வேப்பிலையால் வீசி, "யாருடி நீ, எங்கிருந்து வந்த?" என்று கேட்டார்கள்.

பேயைக் கேட்டார்களே தவிர, பச்சையம்மாளைக் கேட்கவில்லை.

ஒரு நாள் மத்தியானம் என்னைக் கூப்பிட்டு, அவளுடைய கண்ணாடி வளையல்களைக் கழற்றி என் கையில் போட்டுவிட்டாள். எனக்கு ஒரே குதூகலம். அந்த வாரத்திலேயே அவள் தன்னை மாய்த்துக்கொண்டாள். பேய் கொண்டுபோய்விட்டது என்று லயத்தில் பேசி முடித்தார்கள். போலீஸ் வரும் என்ற பயத்தில் வேறு வார்த்தையே யார் வாயிலும் வரவில்லை. என் அம்மா அந்த வளையல்களைப் பிடுங்கி ஓடையில் எறிந்தார்.

கிள்ளானில் பேய், பிரிக்பீல்ட்ஸில் சாமி. இரண்டு இடத்திலும் ஒரு பிள்ளை நடுவில் தனியாக உட்கார்ந்திருந்தது.

மறுநாள்

எனக்குச் சந்தேகம் வந்தது ஒரு மத்தியானம், அடுப்படியில்.

தைப்பூச விரதத்தை நான் சின்ன வயதிலிருந்து பார்த்திருக்கிறேன். விரதம் இருக்கிறவர்கள் முகம் வாடியிருக்கும், வாய் வாடாது. செல்லம்மாக்காவின் கணவர் அந்த வருஷம் காவடி எடுக்கிறவர். பூசத்துக்கு மறுநாள் நண்டு சமைக்க வேண்டும், மிளகு தூக்கலாக இருக்க வேண்டும் என்று இப்போதே மனைவியிடம் சொல்லிவிட்டார். வரிசையில் இன்னொருவர் கனவில் ஆட்டுக்கறி வந்ததாகச் சொல்லிச் சிரித்தார். மாமாகூட, "விரதம் முடிஞ்சதும் அவனுக்குக் கோழி அடிச்சிப் போடும்மா" என்றார். விரதக்காரனுக்கு நாக்கெல்லாம் மறுநாள் மேல்தான். முருகனுக்கும் அது தெரியும், கோபித்துக்கொள்ள மாட்டார்.

அன்று தங்கவேலு அடுப்படிக்கு வந்தான். மவுத் ஆர்கனை என் பக்கத்தில் வைத்தான்.

"அண்ணி, இத அண்ணன்கிட்ட குடுத்துருங்க."

அப்பாவிடம் மன்னிப்புக் கேட்டதற்குப் பிறகு மௌன விரதம் இப்போதுதான் பேசிற்று. எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அதைக் காட்டிக்கொள்ளாமல், "எதுக்குத் தம்பி? பூசம் முடிஞ்சதும் நீங்களே வாசிக்கலாமே" என்றேன்.

"அப்பறம் எதுக்கு?"

அவ்வளவுதான் சொன்னான். கோபமாகச் சொல்லவில்லை. கணக்கில் தவறு செய்த பிள்ளைக்கு வாத்தியார் சொல்லித் தருவதுபோல நிதானமாகச் சொன்னான். இவனுக்கு மறுநாள் கிடையாது என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. கையில் பிடித்திருந்த கரண்டி அடுப்புக்குள் விழுந்தது.

வீட்டுக்காரர் ஊரில் இல்லை. மாமாவிடம் போய், "மாமா, தம்பிக்கு உடம்பு என்னமோ சரியில்ல. அது வெரதம் இல்லீங்க" என்றேன். அவர் என்னை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "வெரதக்காரனப் பத்தி அப்படிப் பேசாதம்மா. நாளைக்குக் காப்புக் கட்டப் போறோம்" என்றார். புதுப்பெண் அதற்கு மேல் என்ன பேசுவது? அன்று முழுவதும் ஏதாவது சாக்குச் சொல்லி அவன் கண்ணில் படுகிற இடத்திலேயே உட்கார்ந்திருந்தேன்.

காப்புக் கட்டும் காலை

எங்கள் வரிசையில் காவடிக்காரர்களுக்குப் பூசத்துக்குச் சில நாள் முன்னால்தான் காப்புக் கட்டுவார்கள். மஞ்சள் கிழங்கு கோத்த கயிறு. அதைக் கையில் கட்டிவிட்டால் வேண்டுதலிலிருந்து பின்வாங்க முடியாது. எங்கள் வீட்டு வாசலில் பாய் விரித்து, குத்துவிளக்கு ஏற்றி, தங்கவேலுவை உட்கார வைத்திருந்தார்கள். பூசை செய்யும் பண்டாரம் எதிரில் உட்கார்ந்திருந்தார். வரிசை ஜனமெல்லாம் கூடி நின்றது. சாம்பிராணிப் புகையில் கண் எரிந்தது.

"சாமி, எதுக்காக வேண்டுதல்னு ஒரு தரம் வாய்விட்டுச் சொல்லிருங்க. காப்பக் கட்டிருவோம்" என்றார் பண்டாரம்.

தங்கவேலு விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"மௌன வெரதங்க. மனசுல சொல்லிக்குவாரு, நீங்க கட்டுங்க" என்றார் செல்லம்மாக்கா.

பண்டாரம் கயிற்றை எடுத்தார். நான் கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு போய்ப் பாயில் உட்கார்ந்துவிட்டேன். ஆண்கள் உட்காரும் பாய். மாமா, "உள்ள போ மரகதம்" என்றார். நான் அசையவில்லை.

"தம்பி, இங்க பாருங்க. நீங்க செத்துப்போகணும்னு நெனைக்கிறீங்களா?"

கூட்டம் மூச்சை இழுத்தது. "ஏ, வாயக் கழுவுடி! சாமிகிட்ட கேக்குற கேள்வியா இது?" என்று செல்லம்மாக்கா கத்தினார். யாரோ என் தோளைப் பிடித்து இழுத்தார்கள்.

தங்கவேலுவின் கண் மெதுவாக விளக்கிலிருந்து என்னிடம் வந்தது. அத்தனை வாரமாக யாரையும் பார்க்காத கண்.

"ஆமா, அண்ணி" என்றான். பிறகு, கூட்டமே இல்லாததுபோல என்னிடம் மட்டும் சொன்னான். "நான் பூசத்துக்கு இருக்க மாட்டேன். எல்லாரும் என்னென்னமோ ஏற்பாடு பண்றாங்க. எனக்குத்தான் சொல்லத் தெரியல."

தோளைப் பிடித்திருந்த கை தளர்ந்தது. பக்கத்துத் தண்டவாளத்தில் ஒரு எஞ்சின் நீராவி விட்டுக்கொண்டு போனது.

பிறகு எல்லாரும் ஒரே சமயத்தில் பேச ஆரம்பித்தார்கள். சாமிக் குத்தம் என்றார் ஒருவர். முருகன் சோதிக்கிறான், காவடி எடுத்தால் எல்லாம் சரியாகப் போகும் என்றார் இன்னொருவர். "சீக்கிரம் கட்டுங்க பண்டாரம்! காப்பு ஏறிட்டா சாவு அண்டாது. கட்டுங்கய்யா!" என்று செல்லம்மாக்காவின் கணவர் அவசரப்படுத்தினார். அவர் கெட்ட மனிதர் இல்லை. அவருக்குத் தெரிந்த மருந்து அதுதான்.

பண்டாரம் கயிற்றைக் கையில் வைத்துக்கொண்டு மாமாவைப் பார்த்தார். எல்லாரும் மாமாவைப் பார்த்தோம்.

"மாமா, அதக் கட்டினீங்கன்னா எல்லாரும் மறுபடி கும்பிட்டுட்டுத் தள்ளி நின்னுருவோம். தம்பி தனியாவே போயிருவாரு" என்றேன். அதற்கு மேல் பேச முடியாமல் அழுதுவிட்டேன்.

மாமா ஒரு அடி முன்னால் வந்தார். தச்சருக்கும் பட்டறைக்கும் ஸ்டேஷனுக்கும் சொல்லிவிட்ட விஷயம். ஊர் முழுக்கத் தலை நிமிர்ந்து நடந்த மனிதர். அவர் பண்டாரத்தின் கையிலிருந்து கயிற்றை வாங்கினார். அதைக் கண்ணில் ஒற்றி, விளக்கின் அடியில் வைத்தார்.

"இவனுக்கு வெரதம் இல்ல சாமி. எம் மகனுக்கு ஒடம்பு சரியில்ல. எல்லாரும் வீட்டுக்குப் போங்க" என்றார்.

காவல்

இதைப் படிப்பவர்கள், அப்புறம் அவன் என் கையைப் பிடித்து நன்றி சொன்னான் என்று எதிர்பார்க்கலாம். அப்படி எதுவும் நடக்கவில்லை. "ஊரு முன்னால என் மானத்த வாங்கிட்டீங்க" என்று சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டான். எனக்கும் கோபம் வந்தது. "சரி, திட்டிக்கிட்டே இருங்க. நான் இங்கதான் இருப்பேன்" என்று அறை வாசலில் உட்கார்ந்து அரிசி புடைத்தேன்.

மாமா அவனை ரயில்வே டாக்டரிடம் கூட்டிப்போனார். போலீஸ் பயம் இருந்ததால் நடுங்கிக்கொண்டேதான் போனார். அந்தக் காலத்தில் சாக முயன்றாலே குற்றம். அந்த டாக்டர் நல்லவர். எதையும் எழுதிவைக்காமல், தூங்குவதற்கு மருந்து கொடுத்து, "இது மனசுக்கு வந்த சுகக்கேடு. மெதுவாத்தான் கொறையும். தனியா மட்டும் விடாதீங்க" என்றார்.

என் வீட்டுக்காரர் திரும்பியதும் முறை போட்டுக்கொண்டோம். வீட்டில் எது எங்கே இருக்கலாம், எது இருக்கக் கூடாது என்று பேசி ஒழுங்கு செய்தோம். அவர் தம்பியின் பக்கத்தில் தரையிலேயே படுத்துக்கொண்டார். கரிப் புகையில் இருமி இருமி, தூங்கவும் இல்லை, தூங்க விடவும் இல்லை. "உன் இருமலுக்கே ஆள் செத்துருவான்" என்று தங்கவேலு ஒரு நாள் முணுமுணுத்தான். நாங்கள் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். சிரிப்பதா, பயப்படுவதா என்று தெரியவில்லை.

குழாயடியில் பெண்கள் எனக்கு இப்போதும் வழிவிட்டார்கள். ஆனால் அது வேறு மாதிரி. அம்மை போட்ட வீட்டைப் பார்க்கிற மாதிரி. செல்லம்மாக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டார். பாலும் பழமும் நின்றுபோயின.

எனக்கு ஒரே ஒரு நினைப்புத்தான். பூசத்துக்கு இருக்க மாட்டேன் என்று சொன்னானே, பூசத்தைத் தாண்டிவிட வேண்டும். அதைத் தாண்டினால் எல்லாம் சரியாகிவிடும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. ஆனாலும் அதையே பிடித்துக்கொண்டிருந்தேன்.

பூசத்தன்று

விடிவதற்குள் வரிசை காலியாகிவிட்டது. பாதி பிரிக்பீல்ட்ஸே பத்துமலைக்குப் போயிருந்தது. பூசத்துக்கு விட்ட கூடுதல் ரயிலில் என் வீட்டுக்காரருக்கு வேலை. போகும்போது வாசலில் நின்று என்னையே பார்த்தார். "போங்க, நான் பாத்துக்கறேன்" என்றேன்.

மாமா மலாயாவுக்கு வந்ததிலிருந்து ஒரு பூசத்தையும் விட்டதில்லை. அன்று குளித்து, திருநீறு பூசி, மகன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். தான் எடுத்த விரதத்தை அவர் விடவில்லை. சாயங்காலம் வரை பச்சைத் தண்ணீரும் தொடமாட்டார்.

ரயில்கள் போகும்போதெல்லாம் "வேல் வேல்" என்ற சத்தம் வந்தது. சத்தம் தேய்ந்ததும் வீடு இன்னும் அமைதியானது. கோழிகூட எங்கோ போயிருந்தது. தங்கவேலு உட்கார்ந்திருந்தான். படுத்தான். மறுபடி எழுந்தான். வெயில் ஏறியது.

திடீரென்று அவன் எழுந்து பின்கதவுப் பக்கம் விறுவிறுவென்று நடந்தான். மாமாவும் நானும் ஒரே நேரத்தில் எழுந்தோம். மாமாவின் கால் பட்டுச் செம்பு உருண்டது. அவன் கதவுக்கு முன் நின்று திரும்பினான். எங்கள் முகத்தைப் பார்த்தான். நெற்றி நரம்பு புடைத்திருந்தது.

"எத்தன நாளைக்கு இப்படிக் காவல் காப்பீங்க?" என்று கத்தினான். "வருஷம் பூரா காப்பீங்களா?"

மாமா, "காப்பேன்" என்றார்.

"ஒங்களுக்கு வேலைக்குப் போக வேணாமா?"

"வேலய விட்டுர்றேன்."

ரயில்வே வேலையை உயிராக நினைத்தவர், வெற்றிலையைத் துப்புவதுபோல அதைச் சொன்னார். தங்கவேலு கதவைப் பிடித்தபடி நின்றான். அவன் தோள் குலுங்கியது. அப்படியே சறுக்கித் தரையில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதான். அவன் அழுது நாங்கள் பார்த்தது அதுதான் முதல் தடவை. மாமா பக்கத்தில் போய் உட்கார்ந்தார். அவன் முதுகில் கை வைத்திருந்தார்.

வெகுநேரம் கழித்து, முகத்தைத் துடைத்துக்கொண்டு, "அண்ணி, பசிக்குது" என்றான்.

நான் எழுந்து ஓடினேன். ஓடின பிறகுதான் தெரிந்தது, அவனைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்ததில் அன்று அடுப்பே மூட்டவில்லை. ஒரு பிடி பழைய சோறுகூட இல்லை. விறகைத் திணித்து ஊதுகிறேன், தீக்குச்சி அணைந்து அணைந்து போகிறது. மாமா எட்டிப் பார்த்தார். "நீ இரு, நான் வாங்கியாறேன்" என்று சொல்லி, செருப்பைக்கூட மாட்டாமல் தார்ச் சடக்கில் இறங்கி நடந்தார்.

பூசத்தன்று தமிழர் கடை எது திறந்திருக்கும்? கொஞ்ச நேரத்தில் வியர்க்க விறுவிறுக்க வந்தார். கையில் இலைப் பொட்டலம். மூலையில் இருந்த சீனர் ஒட்டுக்கடையில் வாங்கிய மீ நூடுல்ஸ். அதில் என்ன போட்டிருந்தது என்று நான் கேட்கவில்லை. அவரும் கேட்டிருக்க மாட்டார்.

தங்கவேலு இலையைப் பிரித்தான். ஒரு வாய் எடுத்தவன் தயங்கி, "நீங்க வெரதமாச்சேப்பா. ஒங்க முன்னால எப்படி..." என்றான்.

நெற்றி நிறையத் திருநீறோடு மாமா அவன் எதிரில் உட்கார்ந்தார். பொட்டலத்திலிருந்து ஒரு பிடி அள்ளித் தன் வாயில் போட்டுக்கொண்டார். "ம், தின்னு" என்றார். மெல்லும்போது அவர் கண்ணிலிருந்து தண்ணீர் தாடைக்கு இறங்கியது. தங்கவேலு குனிந்து சாப்பிட ஆரம்பித்தான்.

ஒரு பொட்டலம் மீயில் குணமாகிற நோய் இல்லை அது. அதற்குப் பிறகும் நல்ல நாளும் கெட்ட நாளுமாக ஒரு வருஷம் ஓடியது. செல்லம்மாக்காவும் கொஞ்சம் கொஞ்சமாக எங்களோடு பேச ஆரம்பித்தார். தங்கவேலுவுக்குக் காஜாங் பக்கம் வேலை கிடைத்தது. கல்யாணமும் ஆயிற்று.

அவன் மகன் தவழ்கிற சமயம் என்று நினைக்கிறேன். ஒரு நாள் காலை முதல் ரயிலில் வந்து இறங்கினான். கையில் பை இல்லை. சட்டைப் பொத்தான் மாறிப் போட்டிருந்தது. நேராக அடுப்படி வாசலுக்கு வந்து நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"மறுபடி வந்துருச்சு, அண்ணி" என்றான். "என்னைக் கேளுங்க."

நான் அடுப்பிலிருந்த சட்டியை இறக்கிவைத்தேன். அவனை உட்கார வைத்து, எதிரில் நானும் உட்கார்ந்து, அன்று பாயில் கேட்டதையே கேட்டேன்.